ஆபத்துக் கேஸ் ஒன்றுகூட இல்லாத பதினைந்து நாள்

1. லட்டு

எங்கள் ப்ரோகிராம் நன்றாக ஓடுகிறது என்பதற்காக, என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரே ஒரு தடவை லட்டு கொடுத்தார்கள். அன்றைக்கு அது ஓடவில்லை.

இரண்டாயிரத்து எட்டுவாக்கில் நடந்தது. நான் சிறுசேரியில் ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட். வீடு ஊரப்பாக்கம். காலையில் கம்பெனி வேன் வண்டலூர் சுற்றி, கேளம்பாக்கம் ரோட்டில் ஏறி, எங்களைக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கொண்டு போய்க் கொட்டும். அதற்குள் நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் ஏதோ ஒரு வெளிநாட்டு இன்ஷூரன்ஸுக்கு. உள்ளூருக்கென்று ஒரே ஒரு ப்ராஜெக்ட். அது என் தலையில் விழுந்தது.

செங்கல்பட்டில் ஒரு அறக்கட்டளை. மாமல்லபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள குப்பங்களிலும், உள்ளே தள்ளியிருக்கிற சில கிராமங்களிலும், கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதற்கு மூன்று நர்ஸ்களை வைத்திருந்தது. நர்ஸ் போய் எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். ஆபத்து என்று தோன்றினால் அதைத் தனி ஃபாரத்தில் எழுத வேண்டும். செங்கல்பட்டில் இருக்கிற டாக்டர் அதைப் பார்த்து, வீட்டுக்குப் போன் பண்ணி, வண்டி அனுப்பி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். முன்பு இதெல்லாம் நோட்டில் நடந்தது. நோட்டு செங்கல்பட்டு வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதை ஒரே நாளாக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறக்கட்டளையில் ரெவ்யூ நடக்கும். அன்றைக்கு எங்கள் மேனேஜர் ரமணன் சார் ரெவ்யூ முடித்துக் கையில் ஸ்வீட் பெட்டியோடு என் சீட்டுக்கு வந்தார். அந்தப் பதினைந்து நாளில் புதிதாக ஒரு ஆபத்துக் கேஸ்கூடப் பதிவாகவில்லையாம். கம்ப்யூட்டர் வந்ததும் கண்காணிப்பு கூடி, ஆபத்து குறைந்துவிட்டது என்று அறக்கட்டளையின் நிர்வாக அதிகாரி பேசி, எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள்.

"உமா, இத ஒரு கேஸ் ஸ்டடியா எழுதிடலாம்மா" என்றார் சார்.

நான் லட்டை எடுத்துச் சாப்பிட்டேன். நல்ல நெய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

2. மேஜைக்கு அடியில் கடற்கரை

அந்த ப்ரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகள் மொபைலில் நெட் இல்லாமலே ஆப் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அப்போது வெப் அப்ளிகேஷன் என்றால் நெட் இருந்தால் உண்டு, இல்லையென்றால் வெள்ளைத் திரை.

கான்ட்ராக்டில் 'ஆன்லைன் வெப் அப்ளிகேஷன்' என்று கையெழுத்தாகியிருந்தது. அந்தக் குப்பங்களில் நெட்டும் கிடையாது, பாதி நேரம் போன் சிக்னலும் கிடையாது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் சொன்னார்கள். ரமணன் சார் அதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. டவர் வந்துகொண்டே இருக்கிறது, நாம் டெலிவரி பண்ணுவதற்குள் வந்துவிடும் என்றார். டெலிவரி ஆகி நான்கு வருஷம் கழித்து டவர் வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு ப்ளக்-இன் புதிதாக வந்திருந்தது. ப்ரௌசருக்குள்ளேயே ஒரு சின்ன டேட்டாபேஸைக் கொடுக்கும். பக்கத்தையும் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளும். நெட் இல்லாத இடத்தில் நர்ஸ் அடிப்பதெல்லாம் அந்த டேட்டாபேஸில் வரிசையாக நிற்கும். டேட்டா கார்டுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் வந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பி சர்வருக்குப் போகும். நான் அதை வைத்து இரண்டு வாரத்தில் எழுதிக் காட்டினேன். 'ஆஃப்லைன்' என்ற வார்த்தை கான்ட்ராக்டில் இல்லாததால், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் சார் அதை 'பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று போட்டார்.

டெஸ்டிங் எப்படி என்று கேட்கிறீர்களா? என் மேஜைக்கு அடியில் குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவேன். அது குப்பம். மறுபடி செருகுவேன். அது செங்கல்பட்டு. ப்ராஜெக்ட் முழுவதும் இப்படித்தான் குப்பத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நிஜக் குப்பம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுகிற டைம்ஷீட்டில் அதற்கு ஒரு கோட் நம்பர் இல்லை.

ஆபத்துக் கேஸ்கள் சாதாரணக் கேஸ்களுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று அவற்றுக்குத் தனி வரிசை வைத்தேன். அந்த ஃபாரத்தில் மட்டும் 'வீட்டு அடையாளம்' என்று ஒரு கட்டம். குப்பத்தில் கதவு எண் சொல்லி வீடு கண்டுபிடிக்க முடியாது, வண்டி வந்தால் வழி தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. ஆரம்பத்தில் நர்ஸ்கள் அதை இங்கிலீஷில் அடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் அடிக்க வழி செய்தால் நன்றாக இருக்கும் என்று மூன்று பேருமே கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. செய்து கொடுத்தேன். 'கோயில் எதிரில்' என்று தமிழில் அடித்துப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தது. அந்த வெர்ஷனை மூன்று லேப்டாப்பிலும் போட்டு அனுப்பினோம். லட்டுக்கு இரண்டு வாரம் முன்பு.

கூடவே, பழைய ரிஜிஸ்டர் நோட்டுகளை நர்ஸ்களிடமிருந்து அறக்கட்டளை திரும்ப வாங்கிக்கொண்டது. பேப்பர் இல்லாத அலுவலகம். அந்த யோசனை எங்கள் ப்ரசன்டேஷனில் ஏழாவது ஸ்லைட்.

3. தேன்மொழியின் போன்

லட்டு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது என் செல் அடித்தது. உதவிக்கு என்று ஒவ்வொரு லேப்டாப்பின் மூடியிலும் என் நம்பரை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தோம். அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

தெற்குக் குப்பங்களைப் பார்க்கிற நர்ஸ் தேன்மொழி. முப்பது வயசு இருக்கும். ட்ரெய்னிங் அன்றைக்கு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மற்ற இருவரும் தலையாட்டியபோது, எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்டவர்.

"மேடம், அஞ்சலைன்னு ஒரு பொண்ணு. எட்டாம் மாசம். போன வாரம் ப்ரஷர் நூத்தம்பதுக்கு நூறு. ஆபத்துன்னு போட்டு அனுப்பி எட்டு நாளாவுது. டாக்டரம்மா இன்னும் போன் பண்ணல."

டாக்டர் ஆபீசுக்குப் பேசினீர்களா என்று கேட்டேன். பேசியிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு கேஸே வரவில்லை, ஒழுங்காக என்ட்ரி போட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"போட்டேன், சேமிக்கப்பட்டதுன்னு பச்சையா வந்திச்சி, என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன். கம்ப்யூட்டர்ல இல்லன்னா இல்லன்றாங்க. இன்னா மேடம், அந்தப் பொண்ணு வயித்த தூக்கிக்கினு அங்க கீது. இங்க இல்லன்றாங்க."

அஞ்சலையை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆனால் டாக்டர் போன் பண்ணுவார், வண்டி வரும் என்றும் சொல்லியிருக்கிறார். அதுதான் ஏற்பாடு. அந்தக் குடும்பம் போனுக்காகக் காத்திருந்தது. தேன்மொழி அடுத்தடுத்த குப்பங்களுக்குப் போய்விட்டார். மறுபடி அங்கே போக இன்னும் இரண்டு நாள் இருந்தது.

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு சர்வர் ஏற்காததெல்லாம் பதிவாகிற எரர் லாகைத் திறந்தேன். ஸ்க்ரோல் பண்ணப் பண்ண முடியவில்லை. அதே மூன்று பெயர்கள், ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு மேலாக. மூன்று லேப்டாப்பும் மூன்று கேஸை அனுப்புகின்றன, சர்வர் திருப்பி அடிக்கிறது, மறுபடி அனுப்புகின்றன, மறுபடி அடிக்கிறது.

காரணம் அங்கேயே எழுதியிருந்தது. வீட்டு அடையாளம் என்ற கட்டத்துக்கு டேட்டாபேஸில் நூறு பைட் இடம் விட்டிருந்தேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கு எழுத்துக்கு மூன்று. கொம்பு, கால், புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மூன்று. 'கோயில் எதிரில்' உள்ளே போகும். தேன்மொழி எழுதியது, 'மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி ஐஸ் பெட்டி வெச்ச நீலக் கதவு வீடு, கேட்டா வள்ளின்னு சொல்லணும்.' வண்டி டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கிற மாதிரி எழுதியிருந்தார். அது உள்ளே போகவில்லை. அதன் பின்னால் நின்ற எதுவும் போகவில்லை. சாதாரணக் கேஸ்கள் வேறு வரிசை, அவை ஜாம் ஜாம் என்று போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஆபத்து மட்டும் ஊரிலிருந்து ஒழிந்திருந்தது.

இதை யாருக்கும் சொல்லாமல் விட்டது எது என்றால், நான் எழுதிய ப்ரோகிராமில் ஒரு இடம். எரர் வந்தால் பிடிப்பதற்கு ஒரு கேட்ச் ப்ளாக் எழுதுவோம். நான் எழுதிய ப்ளாக்குக்குள் ஒன்றுமே இல்லை. ஒரு கமென்ட் மட்டும்: பிறகு பார்க்கலாம்.

தேன்மொழியிடம் லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருங்கள் என்று சொன்னேன். அது தன்னிடம் இல்லை என்றார். ஒரு வாரமாக நகரவே மாட்டேன் என்றதால், முந்தின நாள் அறக்கட்டளை ஆபீசில் வாங்கி செங்கல்பட்டில் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒருமுறை மோதிக்கொண்டிருந்தால் எந்த லேப்டாப்தான் நகரும்?

4. தொழில் சுத்தம்

டேட்டாபேஸில் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்ற இரண்டு நர்ஸ்களுக்கும் போன் போட்டு, சிக்னல் கிடைக்கிற இடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைக்கச் சொன்னேன். சர்வீஸ் கடை நம்பரை அறக்கட்டளையில் வாங்கி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

ரமணன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் லட்டுக்கு முந்தைய நிலைக்குப் போனது. முதலில் சிஸ்டத்தில் ஒரு புகார் டிக்கெட் ரெய்ஸ் பண்ணு, ப்ராசஸ்படி போகலாம், க்ளையன்ட் கிட்ட நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். அரை நாள் லீவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கும் ஒரு ஃபாரம் உண்டு. அதை நான் நிரப்பவில்லை.

பஸ்ஸில் திருப்போரூர், அங்கிருந்து மாறி செங்கல்பட்டு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைக்குப் போன் அடித்தேன். டாக்டருக்கும் அடித்தேன். டாக்டர் மங்கை நல்ல மனுஷி, ஆனால் பேச்சு கறார். நான் நடந்ததைச் சொன்னேன். வழி காட்டத் தேன்மொழியை உடனே செங்கல்பட்டுக்கு வரச் சொல்கிறேன், ஜீப்பையும் நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கடைக்காரர் பாபு சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். லேப்டாப் மேஜை மேல் பளபளவென்று இருந்தது. வெளியில்கூட ஏதோ திரவம் போட்டுத் துடைத்திருந்தார்.

"ரொம்ப ஸ்லோன்னு எழுதியிருந்தாங்க மேடம். ப்ரௌசர்ல இன்னாவோ ஒண்ணு ஓடிக்கினே இருந்திச்சி. மொத்தமா எடுத்துட்டு புதுசா போட்டேன். இப்ப பாருங்க, சும்மா பறக்குது."

ப்ரௌசரை எடுத்து, அதன் ஃபோல்டரை அழித்து, எங்கள் ப்ளக்-இன்னையும் வேண்டாத சரக்கு என்று தூக்கியிருந்தார். அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்டேன். டிஸ்க்கை ஒழுங்குபடுத்துகிற டிஃப்ராக்கும் ஓட்டிவிட்டாராம், அழித்த இடத்தின்மேல் வேறு எழுதியாகிவிட்டது. மனுஷர் தொழிலில் சுத்தம். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கர்ப்பிணிகளின் விவரத்தை ப்ரௌசரின் குப்பை ஃபோல்டருக்குப் பக்கத்தில் வைத்தது அவர் இல்லை.

அந்த நேரத்துக்குள் மற்ற இரண்டு லேப்டாப்பிலிருந்தும் நான்கு ஆபத்துக் கேஸ்கள் வந்து சேர்ந்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். தேன்மொழியிடமிருந்து எத்தனை என்று கேட்டார். லாகில் முட்டிக்கொண்டு நின்ற வள்ளி ஒருத்தி மட்டும்தான் மிச்சம். வள்ளிக்கு லேசான ரத்தசோகை. வரிசையை அடைத்துக்கொண்டு நின்றவள் மட்டும் பத்திரமாக இருந்தாள். பின்னால் நின்றவர்கள் யாரும் இல்லை.

5. ஜீப்பில் ஆறு பேர்

ஜீப்பில் நான்கு பேர்தான் போனோம். டிரைவர், டாக்டர் மங்கை, தேன்மொழி, நான். ஆனால் வழி முழுவதும் தேன்மொழியின் வாயில் ஆறு பெண்கள் இருந்தார்கள்.

வள்ளி போக ஐந்து. தேன்மொழி பெயர் சொல்லச் சொல்ல, நான் லட்டுப் பெட்டியோடு வந்து கைப்பையில் கிடந்த பாராட்டுக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். மூன்று பேரின் அழுத்தம், எடை, எத்தனாவது மாசம் எல்லாம் சரளமாக வந்தது. நான்காவது ஆளின் பெயர் வரவில்லை, வீடு வந்தது. ஐந்தாவது யார் என்றே நினைவு வராமல் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டு இருந்தா இப்டி பேஜாரா இருக்காது மேடம்" என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஏழாவது ஸ்லைட் கண் முன்னால் வந்தது.

அஞ்சலையின் வீட்டுக்கு முதலில் போனோம். படகு நிற்கிற இடத்திலிருந்து மேடேறினால் மூன்றாவது வரிசை. வெளியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுதான் இருக்கும். இரண்டு நாளாகத் தலை வலி என்றாள். காலையிலிருந்து கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதாம்.

டாக்டர் பட்டையைச் சுற்றி அழுத்தினார். ஒரு தடவை பார்த்தார். மறுபடி சுற்றிப் பார்த்தார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. காலில் விரல் வைத்து எடுத்தபோது குழி அப்படியே நின்றது.

அவள் கணவர் பழனி கடலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். டாக்டர் அவரிடம், நர்ஸ் சொல்லி எட்டு நாளாகிறதே, ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று சத்தம் போட்டார்.

"நீங்க போன் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க டாக்டரம்மா" என்றார் பழனி. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "சிக்னல் வராதுன்னு தெனம் தண்ணி டேங்க் மேட்டாண்ட போய் ஒக்காந்துகினு இருந்தேன். ரெண்டு நாளா தொழிலுக்குக்கூட போல."

டாக்டர் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். எங்கள் ப்ரோகிராமுக்கு நெட்டே தேவையில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த எட்டு நாளும், இந்த மனிதர் எங்களுக்காகச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

அஞ்சலையை ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்தோம். டாக்டரும் பழனியும் அவளோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தேன்மொழியும் நானும் குப்பத்திலேயே இறங்கிக்கொண்டு, மீதி நான்கு பேரை நடந்தே தேடினோம். பெயர் வராத பெண்ணின் வீடு வந்ததும் பெயரும் வந்தது. மூன்று பேரின் நிலை அப்படியே இருந்தது. ஒருத்திக்கு வீக்கம் கூடியிருந்தது. அவளை மறுநாள் காலையில் வரச் சொல்லி, இந்த முறை போனுக்குக் காத்திருக்க வேண்டாம், பஸ் பிடித்து வந்துவிடு என்று தேன்மொழி மூன்று தடவை சொன்னார்.

அஞ்சலைக்கு அன்றைக்கே மருந்து ஏற்றி, இரண்டாம் நாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கொஞ்ச நாள் சூடான கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். வலிப்பு வந்தால் அந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதை நான் ஜீப்பில் வரும்போதே கணக்குப் போட்டிருந்தேன். அதை இங்கே எழுதவில்லை.

6. டிராப் டவுன்

அடுத்த வாரம் அறக்கட்டளையில் கூட்டம். இந்த முறை ஸ்வீட் இல்லை. எங்கள் பக்கம் ரமணன் சாரும் நானும். அவர்கள் பக்கம் நிர்வாக அதிகாரி, டாக்டர் மங்கை. தேன்மொழியையும் கூப்பிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் இப்படி ஏதாவது நடந்தால், மூல காரணம் என்ன என்று ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். காரணத்தை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, டிராப் டவுனில் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெட்வொர்க், ஹார்டுவேர், மூன்றாம் நபர், யூசர் எரர். நான்கே நான்கு. 'நாங்கள்' என்று ஒன்று அதில் இல்லை.

நிர்வாக அதிகாரி கையில் ஏற்கெனவே டைப் அடித்த ஒரு மெமோ இருந்தது. ஆபத்துக் கேஸ் தலைமை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்யாதது, பதிவுகள் உள்ள லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்தது என்று தேன்மொழிமேல் இரண்டு குற்றம். வேலையை விட்டு நிறுத்தலாமா என்பதுவரை போயிருந்தது பேச்சு. லேப்டாப்பை வாங்கி சர்வீஸுக்கு அனுப்பியது அதே ஆபீஸ்தான் என்பது மெமோவில் இல்லை.

ரமணன் சார் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "அவங்களே யூசர் எரர்னு முடிவு பண்ணிட்டாங்க. நாம எதுவும் பேச வேணாம் உமா. உன் ஆன்சைட் ஃபைல் மேல போயிருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் இருந்தது. அமெரிக்காவில் ஒரு வருஷம். வீட்டில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நான் பெரிய தியாகி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன். மெமோவைப் படித்துக்கொண்டே போனார்கள். தேன்மொழி யாரையும் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பக்கத்து நியாயத்தை அவர் ஏற்கெனவே போனில் சொல்லியாகிவிட்டது. கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொன்னதால் அது எடுபடவில்லை. இரண்டாம் தடவை சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

"சார், அவங்க தப்பு இல்ல" என்றேன். "லேப்டாப்ல இருந்து வெளியவே போகாத கேஸுக்கு, சேமிக்கப்பட்டதுன்னு ஸ்க்ரீன் காட்டிச்சு. அப்படிக் காட்டுன்னு எழுதினது நான். போகலன்னு தெரிஞ்சும் யாருக்கும் சொல்லாம இருன்னு எழுதினதும் நான்."

நிர்வாக அதிகாரி ரமணன் சாரைப் பார்த்தார். ரமணன் சார் கேபிள் பிடுங்கப்பட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மங்கைதான் கேட்டார். "என் ஸ்க்ரீன்ல பூஜ்யம்னு காட்டினது?"

"அதுவும் நான்தான் டாக்டர். எதுவும் வந்து சேரலன்னாலும் பூஜ்யம்னுதான் காட்டும்."

அவர் அந்த மெமோவை வாங்கி நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு தேன்மொழியைப் பார்த்து, "நீ போன்ல சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றார். தேன்மொழி பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நோட்டைத் திரும்பக் கொடுப்பீர்களா என்று. கொடுத்தார்கள்.

என் ஆன்சைட் ஃபைல் மேலேயே தங்கிவிட்டது. ஃபாரத்தில் ரமணன் சார் கடைசியில் 'நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். இல்லாத நெட்வொர்க்கின் மேல் பழி போட்டால் அது எதிர்த்துப் பேசாது.

7. அதற்குப் பிறகு

ப்ரோகிராமைத் திருத்தினேன். 'சேமிக்கப்பட்டது' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன். அடித்ததும் 'இந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது' என்று வரும். சர்வர் வாங்கிக்கொண்டால் 'செங்கல்பட்டுக்குப் போய்விட்டது' என்று மாறும். டாக்டர் திறந்து பார்த்தால் 'டாக்டர் பார்த்துவிட்டார்' என்று வரும். ஒரு கேஸ் முட்டிக்கொண்டால் அதை ஓரம் தள்ளிவிட்டு மற்றவை போகும், தள்ளியது சிவப்பில் நிற்கும். டாக்டரின் ஸ்க்ரீனில், எந்த லேப்டாப் கடைசியாக எப்போது பேசியது என்பதும் தெரியும். சிவப்பு வேண்டாம், க்ளையன்ட் பயந்துவிடுவார்கள் என்றார் ரமணன் சார். பயப்படத்தான் சார் அது, என்றேன். ஆன்சைட் கைநழுவிப் போன பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

கூடவே, புது வெர்ஷன் போடுவதற்கு முன் டீமில் ஒருவர் ஒரு முழு நாள் நர்ஸோடு நடக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். முதல் ஆளாக நானே போனேன். வெயிலில் ஸ்க்ரீன் தெரியாது, உப்புக்காற்றில் கீபோர்டு ஒட்டிக்கொள்ளும், நர்ஸின் ஒரு கையில் எப்போதும் யாருடைய குழந்தையாவது இருக்கும் என்பதெல்லாம் மேஜைக்கு அடியில் குனிந்தால் தெரிய வராது.

சில வருஷம் கழித்து நெட் இல்லாமல் ஓடுகிற ஆப் என்பது பெரிய ஃபேஷன் ஆனது. ரமணன் சார் அதைப் பற்றி மேடைகளில் பேச ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார். நான் பார்வையாளராக ஒரு தடவை போய்க் கை தட்டிவிட்டு வந்தேன்.

இளையவர்கள் என்னிடம் டெக்னாலஜிப் பாடம் எதிர்பார்த்தால் என்னிடம் இல்லை. நான் கற்ற ப்ளக்-இன் மூன்று வருஷத்தில் செத்துவிட்டது. மிஞ்சியது இதுதான்: பூஜ்யம் என்பது வேறு, ஒன்றும் வந்து சேரவில்லை என்பது வேறு. இரண்டும் ஸ்க்ரீனில் ஒரே மாதிரி இருக்கும்.

கடைசிப் பத்து வருஷம் ஆள் எடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது. எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் ப்ரோகிராமில் நேற்றுவரை தினமும் நாலைந்து புகார் வந்துகொண்டிருந்தது, இன்றைக்கு ஒன்றுகூட இல்லை, என்ன செய்வீர்கள்? டீமைப் பாராட்டுவேன் என்பார்கள். ரிப்போர்ட் எடுப்பேன் என்பார்கள். ஒருவர் கேக் வெட்டுவேன் என்றார், அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெனம் புகார் பண்றவங்க யாருக்காவது போன் பண்ணி, நல்லாருக்கீங்களான்னு கேப்பேன் மேடம்" என்றாள்.

அவளுக்கு அல்காரிதம் பலவீனம் என்று கூட இருந்தவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, அதற்குக் கீழே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.